குமார் கேட்ட அரை நாள் லீவு

போன ஞாயிற்றுக்கிழமை பாலிகஞ்ச் ஸ்டேஷனில் சண்முகம் அண்ணாச்சியைப் பார்த்தேன். டாலிகஞ்சில் மளிகைக் கடை வைத்திருப்பவர். எழுபத்தாறு வயது. ஏழு வயதுப் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று படியேறிக்கொண்டிருந்தார்.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஈரலில் புற்றுநோய் வந்த மனிதர் என்றால் நம்புவீர்களா?

வெகுநாளாக அவருக்கு ஈரல் சுருக்கம். ஹெபடைடிஸ் பி கிருமி செய்த வேலை. ஆறு மாதத்துக்கொரு முறை ஸ்கேன். தவறாமல் கூட்டிப்போனவன் மகன் குமார் — ஆபீசில் என் செக்ஷன் கிளார்க். தமிழைவிட பெங்காலியைச் சரளமாகப் பேசுவான். அப்படி எடுத்த ஸ்கேன் ஒன்றில்தான் கட்டி தெரிந்தது. சுண்டைக்காய் அளவு. ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டார்.

அப்போது டாக்டர் குமாரிடம் ஒன்று சொல்லியிருக்கிறார். வீட்டில் எல்லாரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், இந்தக் கிருமி உங்களுக்கும் இருக்கலாம் என்று.

குமார் என் மேஜை முன்னால் வந்து நின்றான்.

“ஸார், நாளைக்கு அரை நாள் லீவு வேணும். எனக்கு ஒரு பிளட் டெஸ்ட்.”

“ஏன், உடம்புக்கு என்ன?”

“ஒண்ணும் இல்ல ஸார். அப்பாவோட டாக்டர் பாத்துக்கச் சொன்னாரு.”

மார்ச் கடைசி வாரம். மேஜை கொள்ளாமல் ஃபைல். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“முப்பத்தோரு வயசுல உனக்கு என்னப்பா வரப்போகுது? அதெல்லாம் வயசானவங்க வியாதி. ஏப்ரல்ல போய்க்கலாம்.”

“டிக் ஆச்சே, ஸார்” என்று பெங்காலியில் சரி சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

ஏப்ரல் வந்தது. அவன் கேட்கவில்லை. நான் நினைவுபடுத்தவும் இல்லை. அப்பாவை மட்டும் ஸ்கேனுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தான்.

மூன்று வருடம் கழித்துக் குமாருக்கு வலது விலாவுக்குக் கீழே வலி. கேஸ் என்று மாத்திரை போட்டுக்கொண்டான். இரண்டு மாதத்தில் சட்டை தொளதொளத்துப் போயிற்று. ஸ்கேனில் பார்த்தால்... ஈரலில் பாதிக்குக் கட்டி. ரத்தக் குழாய்க்குள்ளும் இறங்கியிருந்தது. ரத்தத்தில் அப்பாவுக்கு இருந்த அதே கிருமி. கத்தி வைக்க இடமில்லை.

“மத்தபடி நல்ல ஈரல். அதான் இத்தனை நாள் வெளியில காட்டாமத் தாங்கியிருக்கு” என்றார் டாக்டர்.

வயதானவர் தும்மினால் ஆட்டோ பிடிக்கிறோம். முப்பது வயதுக்காரன் வலிக்கிறது என்றால்? வெளிச் சாப்பாட்டைக் குறை என்கிறோம்!

ஐந்தே மாதம். குமார் போய்விட்டான். மனைவிக்கும் மகளுக்கும் டெஸ்ட் செய்தார்கள். கிருமி இல்லை. தடுப்பூசி போட்டாயிற்று. அந்த மட்டில் நிம்மதி.

பிளாட்பாரத்தில் அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்: “எனக்குத்தான் ஏதாச்சும் ஆயிரும்னு எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு இருந்தோம், தம்பி. அவனை ஒருத்தரும் பாக்கலையே. டாக்டர் அம்புட்டுச் சொல்லியும் ஏன் போகாம இருந்தான்னு இன்னிவரைக்கும் தெரியல.”

எனக்குத் தெரியும். ரயில் வந்தது, பேத்தியோடு ஏறிப் போய்விட்டார்.

அவரிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லிவிட்டேன் — பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை அண்ணாச்சி ஒரு வாரம்கூட விடாமல் படிக்கிறவர் என்பது தெரிந்தேதான்.