கிழிந்த காது

விக்கிரவாண்டி டோல்கேட் பக்கம் லாரிகளுக்கு நடுவே கிடந்ததாம். என்னோடு வேலை பார்க்கும் அக்கா அந்த நாய்க்குட்டியை அட்டைப் பெட்டியில் வைத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"மூணே வாரம்மா. திண்டிவனத்துல ஒரு டீச்சரு வளக்கறேன்னு சொல்லியிருக்காங்க. வீடு மாத்திக்கினு இருக்காங்களாம். அதுவரைக்கும் வெச்சுக்க."

அந்த மூன்று வாரத்தை நான் நம்பவில்லை. அதைவிட, எங்கள் வீட்டில் ஏற்கனவே இருந்தவளை நம்பவில்லை. ஆறு வயது, செவலை நிற நாட்டு நாய். போன மழைக்காலத்தில் ஒரு பெருச்சாளியை ஒரே உதறலில் கொன்று வாசலில் போட்டவள்.

இரண்டையும் வீட்டுக்குள் சந்திக்க வைக்க வேண்டாம் என்று தெருமுனைக் காலிமனைக்குக் கூட்டிப்போனோம். குட்டியை என் கணவர் பிடித்துக்கொண்டார். செவலையின் கழுத்துப் பட்டையை நான் இறுக்கிப் பிடித்திருந்தேன். அவள் ஒரு தடவை மோந்தாள். வால் விறைத்து நின்றது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒண்ணும் பண்ணலயே," என்றார் அவர்.

"அதாங்க பயமா இருக்குது."

அடுப்படி வாசலில் ஒரு பலகையைக் குறுக்கே வைத்துக் குட்டியை உள்ளே விட்டோம். சாப்பாடும் தனித்தனி. செவலை பலகைக்கு வெளியே உட்கார்ந்து கண் கொட்டாமல் உள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் கதவிடுக்கில் ஒளிந்து அவளைக் கவனித்தேன். சற்று நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வேலைக்குப் போகும்போது அவளைத் தோட்டத்தில் விட்டுப் பின்கதவைச் சாத்திவிட்டுப் போவேன்.

ஆறாம் நாள் சாயங்காலம் வந்தபோது பின்கதவு திறந்து கிடந்தது. பலகை சரிந்திருந்தது. தோட்டத்துத் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் குட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. இடது காது கிழிந்திருந்தது. பக்கத்தில் நின்ற செவலையின் வாயோரத்தில் ரத்தம்.

துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து இரண்டு அடி அடித்தேன். சங்கிலியால் கொய்யா மரத்தில் கட்டினேன். அவள் சத்தமே போடவில்லை.

அப்போதுதான் வந்த கணவர், "நீ பாத்தியா?" என்றார்.

"வாயில ரத்தம் இருக்குதுங்க. இன்னும் இன்னா பாக்கணும்?"

குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் விழுப்புரம் டவுனுக்குள் கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். அவர் காதை விரித்து விளக்கில் பார்த்தார்.

"பல்லு பட்டா குத்துன தடம் இருக்கும். இது ஒரே கிழிசல். தகரம் ஏதாச்சும் கிழிச்சிருக்கும். சுத்தி முடியெல்லாம் நக்கி நக்கி ஒட்டிக்கினு இருக்குது பாருங்க. வீட்ல வேற நாய் இருக்குதா?"

நான் குட்டியை மறுபடி துண்டில் சுற்றினேன். கணவர்தான், "இருக்குதுங்க," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தேடினேன். தோட்டத்துக் குளியலறைக் கதவின் அடித்தகரம் துருப்பிடித்துப் பிளந்திருந்தது. அதில் குட்டியின் வெள்ளை முடி சிக்கியிருந்தது.

சங்கிலியை அவிழ்த்தேன். செவலை என் கையை மோந்துகூடப் பார்க்காமல் நேரே அடுப்படியில் இருந்த குட்டியிடம் போனாள். அது அவள் முகத்தின் மேல் தாவியதும் உறுமினாள். என் கை தானாகப் பலகைக்குப் போனது. அவள் மூக்கால் குட்டியைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் குட்டி அவள் வயிற்றோடு ஒட்டித் தூங்கிவிட்டது. நான் பலகையைப் பிடித்தபடியே நின்றிருந்தேன். இரண்டு நாள், நான் வைத்த சோற்றை நான் உள்ளே போன பிறகுதான் செவலை தின்றாள்.

ஐந்தாவது வாரம்தான் டீச்சர் வந்தார்.

"கட்டிப் போடுவீங்களா?" என்று கேட்டேன்.

"கட்ட மாட்டோங்க. ஏன் கேக்கறீங்க?"

சும்மாதான் என்றேன். அவர் குட்டியோடு ஆட்டோவில் ஏறியதும் செவலை தெருமுனை வரை குரைத்துக்கொண்டே ஓடினாள். எனக்கும் டீச்சரை முழுசாக நம்பத் தோன்றவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன்.

டீச்சர் வீட்டில் குட்டியின் கழுத்தில் கயிறு இல்லை. காது ஆறியிருந்தது. குட்டி ஓடிவந்து, செவலை உரசியிருந்த என் புடவை ஓரத்தை நெடுநேரம் மோந்தது. பிறகு என்னைச் சுற்றிப்போய் வாசலை எட்டிப் பார்த்தது. அங்கே யாரும் இல்லை.