கல்முகத்தின் ஏஸும் ராஜாவும்

"மட்டுறுத்துநர் என்பவர் தொடர்ந்து வெல்லும் ஆட்டக்காரர், நிதானம் தவறாதவர், புதியவர்களிடம் கனிவாகப் பேசுபவர், சொந்த விருப்பு வெறுப்புகளை மன்றத்துக்கு வெளியே விட்டுவிட்டு வருபவர்."

சமவெளிச் சீட்டு மன்றம் என்ற இணையதளத்தின் விதிகள் பக்கத்தில் இப்படித்தான் எழுதியிருந்தது. அதற்குக் கீழேயே, பதிவுகளை அழிக்கவும் ஆட்களைத் தடை செய்யவும் அதிகாரமுள்ள அந்தப் பதவியை வகித்தவரின் பெயரும் இருந்தது: கல்முகம்.

கல்முகத்தின் இயற்பெயர் லோர்ன் பிரிஸ்டுபா. எங்கள் வில்லோ பெண்ட் ஊர்க்காரர். அவர் முகத்தில் கல்லுக்குரிய அம்சம் ஒன்றும் கிடையாது. நல்ல சீட்டு வந்தால் காது சிவக்கும். மோசமான சீட்டு வந்தாலும் சிவக்கும், ஆனால் அப்போது இடது காது மட்டும் என்று வாதிடும் ஒரு கட்சி ஊரில் உண்டு. இணையத்தில் காது தெரியாது என்பதால் போக்கரை அங்கே ஆடினார். அங்கும் தோற்றார். அந்த விதியில் அவருக்குப் பொருந்திய ஒரே சொல் 'தொடர்ந்து' என்பதுதான்.

இருந்தாலும் அவரிடம் கற்றவர்கள் வென்றார்கள். இது எங்களில் யாருக்கும் விளங்காத விஷயம். நீச்சல் தெரியாத ஒருவர் கரையில் நின்று கத்தியே பாதி ஊரை நீந்த வைத்தது போல. என்னையும் சேர்த்துச் சொல்கிறேன். ஊர் நூலகத்தில் வேலை பார்க்கும் நான், மூன்று மாகாணத்துக்காரர்களிடம் ஆடி ஜெயிக்கக் கற்றுக்கொண்டது அவருடைய திட்டுகளிலிருந்துதான்.

திட்டுவதற்கு அவருக்கு வேறு இடமில்லை. நகராட்சியில் பனி வழிக்கும் வண்டிகளை அனுப்புவது அவர் வேலை. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை தொலைபேசியில் ஊரே அவரைத் திட்டும். "எங்க தெருவுக்கு வண்டி வருமா, இல்ல ஜூன்ல தானா உருகட்டும்னு விட்டுட்டீங்களா?" என்று கேட்பார்கள். அவர் "குறிச்சுக்கிட்டேன் அம்மா" என்பார். நாள் முழுவதும் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுத் தட்டைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மன்றத்தைத் திறப்பார். அங்கே அவர் சொன்னது சட்டம். உலகத்தில் வேறெங்கும் அப்படி இல்லை.

அவருடைய சட்டங்கள் கடுமையானவை. நீங்கள் ஆடிய ஒரு கையைப் பற்றி, அதாவது ஒரு சுற்று ஆட்டத்தைப் பற்றி, ஆலோசனை கேட்க வேண்டுமானால், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், ஒவ்வொருவரிடமும் எத்தனை பந்தயச் சில்லு, எதிராளியைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும், ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நினைத்தீர்கள், எல்லாவற்றையும் எழுத வேண்டும். எழுதிவிட்டு, யார் ஜெயித்தார்கள் என்று சொல்வதற்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும். முடிவு தெரிந்துவிட்டால் ஜெயித்தவன் செய்ததெல்லாம் சாமர்த்தியமாகவும் தோற்றவன் செய்ததெல்லாம் அசட்டுத்தனமாகவும் தெரியும் என்பது அவர் கட்சி. பதில் சொல்பவர்கள் வெறுமனே 'போடு', 'விடு' என்று எழுதக் கூடாது, காரணம் வேண்டும். 'என் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள்' என்று புலம்பினால் ஒரு வாரத் தடை. ஆடும் மேசையில் எதிராளிக்குப் பாடம் நடத்தினால் அதற்கும் ஒரு வாரத் தடை. பாடமெல்லாம் மன்றத்தில், மேசையில் 'நல்லா ஆடினீங்க' என்று சொல்லிவிட்டு வாயை மூட வேண்டும்.

கிளேட்டன் ரைமர் என்கிற தானியக் கிடங்குக்காரர் ஒருமுறை புலம்பித் தடை வாங்கினார். அந்த ஒரு வாரமும் மனைவியோடு பேச வேண்டியிருந்தது என்று பிற்பாடு எங்களிடம் வருத்தப்பட்டார்.

லோர்ன் இந்தச் சட்டங்களை வீட்டுக்கும் கொண்டுபோனார். அவர் மனைவி டார்லீன் ஒரு நாள் காரைக் கொட்டகைக் கதவில் இடித்துவிட்டு வந்து, "லோர்ன், கதவு போச்சு" என்றார்.

"முடிவை முதல்ல சொல்லாதே. நீ எங்க இருந்தே? கதவு எங்க இருந்துச்சு?"

"கதவு கதவு இருக்கற எடத்துலதான் இருந்துச்சு. இப்ப இல்ல."

"பின்னால போகலாம்னு முடிவு பண்ணப்போ உனக்கு என்னென்ன தெரியும்?"

"என்னைக் கட்டினவன் கதவைத் திறந்து வைக்கறேன்னு சொல்லியிருந்தது தெரியும்."

அந்த விவாதம் அங்கேயே முடிந்தது. கதவை அவரே சரி செய்தார்.

பிப்ரவரியில் மன்றத்தின் குளிர்காலக் கூடல் எங்கள் ஊரில் நடந்தது. கர்லிங் கிளப்பின் மாடிக் கூடத்தில் மேசைகள் போட்டோம். கீழே பனித்தரையில் கல்லை உருட்டி விளையாடுகிறவர்களின் கூச்சல் கண்ணாடி வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு பாத்திரம் சமைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். பெரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை மட்டுமே எட்டு வீட்டிலிருந்து வந்துவிட்டது. பரிசு, வெட்டிப் பொட்டலம் கட்டி உறைய வைத்த பாதிப் பன்றி. அதை வெளியே வண்டியிலேயே விட்டுவிட்டோம். வெளியே இருந்த குளிருக்குக் குளிர்பெட்டி தேவைப்படவில்லை.

லோர்ன் அன்று புதுச் சட்டை போட்டிருந்தார். வெறும் பெயராகத் தெரிந்தவர்கள் அவரை நேரில் பார்க்க வந்திருந்தார்கள். "நீங்கதான் கல்முகமா? தலைவரே, உங்க பதிவையெல்லாம் அச்செடுத்து வச்சிருக்கேன்" என்று ஒருவர் கையைக் குலுக்கினார். லோர்னின் இரண்டு காதும் சிவந்தன.

ஆட்டம் தொடங்கிய பிறகும் அவரால் தன் நாற்காலியில் உட்கார முடியவில்லை. அடுத்த மேசையில் யாரோ முறை வருவதற்கு முன்பே சீட்டைக் கீழே வைத்துவிட்டார். லோர்ன் எழுந்து போய்த் திருத்தினார். இன்னொரு மேசையில் ஒருவர் சில்லுகளைக் கொத்தாக அள்ளி வீசினார், அங்கும் போனார். போக்கரில் ஒவ்வொரு சுற்றிலும் முறை வைத்து இரண்டு பேர் சீட்டைப் பார்க்காமலே கட்டாயப் பந்தயம் கட்ட வேண்டும். ஆள் நாற்காலியில் இல்லாவிட்டாலும் அவர் சில்லுகளிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். நேரம் ஆக ஆக அந்தத் தொகையும் ஏறும். லோர்ன் ஊருக்கெல்லாம் ஒழுக்கம் கற்பித்துவிட்டுத் திரும்பியபோது அவர் முன்னால் ஐந்து சில்லு இருந்தது.

அப்போதுதான் அவருக்கு ஒரு ஏஸும் ஒரு ராஜாவும் வந்தன. காதைப் பார்த்தே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஐந்தையும் நடுவில் தள்ளினார். கட்டாயப் பந்தயமாக நான் கட்டியிருந்த இரண்டை இழந்துவிட்டு நான் விலகினேன். மற்றவர்களும் விலகினார்கள். மிச்சம் இருந்தது மிர்னா சோரன்சன். பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்பவர். லோர்னின் மாணவர்களில் அவரை விட ஒழுங்காகப் பதிவு எழுதுபவர் கிடையாது. பெரிய கட்டாயப் பந்தயம் அந்தச் சுற்றில் அவருடையது. அதாவது நாலு சில்லு ஏற்கெனவே போட்டாயிற்று.

"எவ்வளவு வச்சிருக்கீங்க, லோர்ன்?"

"அஞ்சு."

"அப்போ நான் இன்னும் ஒண்ணு போடணும்" என்று சொல்லி, மிர்னா ஒரு சில்லைப் போட்டுவிட்டுச் சீட்டைத் திருப்பிக் காட்டினார். ஏழும் நாலும். போக்கரில் இதைவிட மோசமாக வருவதற்குக் கொஞ்சம் முயற்சி வேண்டும். நடுவில் ஐந்து சீட்டு விரித்தார்கள். ஏஸும் வரவில்லை, ராஜாவும் வரவில்லை. ஒரு நாலு வந்து மிர்னாவின் நாலோடு ஜோடி சேர்ந்தது, லோர்னின் ஐந்து சில்லும் போயிற்று.

லோர்ன் எழுந்து நின்றார்.

"ஏழு நாலு. ஏழு நாலை வச்சுக்கிட்டு யாராவது வருவாங்களா, மிர்னா?"

"வந்தேனே."

"எத்தனை பக்கம் எழுதியிருப்பேன் உனக்கு. குப்பைச் சீட்டைக் குப்பையில போடுன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இதைத்தான் கத்துக்கிட்டியா?"

கிளேட்டன் வாயில் இருந்த பெரோகியை முழுங்கிவிட்டு, "தலைவரே, மேசையில பாடம் நடத்தக் கூடாதுன்னு ஏதோ விதி இருக்கறதா ஞாபகம்" என்றார்.

"இது பாடம் இல்ல. தகவல்."

"தகவலுக்கும் ஒரு வாரமா, இல்ல மூணு நாள்தானா?"

மிர்னாவின் முகம்தான் அங்கே கல்லாக இருந்தது. "நல்லா ஆடினீங்க, லோர்ன்" என்றார், விதியில் எழுதியிருந்தபடியே. அதைவிடப் பெரிய அடி அவருக்கு அன்று வேறு யாரும் கொடுக்கவில்லை. பாதிப் பன்றியைக் கடைசியில் கிளேட்டன் கொண்டுபோனார்.

திங்கட்கிழமை மன்றத்தில் கிளேட்டன் ஒரு புது விவாதத் திரி தொடங்கியிருந்தார். தலைப்பு: 'மட்டுறுத்துநருக்கும் விதி உண்டா?' கீழே ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. கூடலுக்கு வராதவர்கள் என்ன, ஏது என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். லோர்ன் ஒரு பொத்தானை அழுத்தினால் திரி போய்விடும். அழுத்தினால், இனி அவர் யாரையும் எதற்கும் தடை செய்ய முடியாது. அழுத்தாவிட்டால், தன்னையே தடை செய்ய வேண்டும்.

எனக்கு அந்த வாரம் பல் சுத்தம் செய்யும் முறை. வாயைத் திறந்து படுத்திருந்தவனிடம் மிர்னா பேசினார். பதில் சொல்ல முடியாதவர்களிடம்தான் அவர் மனம் விட்டுப் பேசுவார்.

"நான் இனிமே அங்க எழுதறதா இல்ல. நான் போட்ட கைக்கெல்லாம் எல்லாரும் திட்டியிருக்காங்க, அதுல எனக்கு வருத்தம் இல்ல. காரணத்தோட திட்டுவாங்க. அதுக்குத்தான் அங்க போனேன். ஆஸ்பத்திரியில, வீட்டுல, எங்கயும் காரணம் சொல்லித் திட்டற வழக்கம் இல்ல. இப்ப அங்கயும் இல்லேன்னா நான் எதுக்குப் போகணும்? கொப்பளிங்க."

நான் கொப்பளித்தேன். பிறகு லோர்னிடம் போய் இதை அப்படியே சொன்னேன்.

அவர் அதற்குள் நடந்ததை ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். பனி வண்டி ஓட்டுநர்களுக்குச் சொன்னார். தெரு வழிக்கவில்லை என்று தொலைபேசியில் திட்ட வந்த கிழவருக்குச் சொன்னார். அதே மேசையில், அதே கையில் இரண்டு சில்லு இழந்த எனக்கும், நான் அங்கே இல்லாதது போலவே சொன்னார். எல்லோருக்கும் ஒரே வாக்கியத்தில் தொடங்கினார்: "ஏழு நாலை வச்சுக்கிட்டு என் ஏஸ் ராஜாவைத் தோற்கடிச்சுட்டா." அவருடைய மன்றத்தில் அதற்குப் பெயர் புலம்பல்.

டார்லீனுக்குச் சீட்டு ஆடத் தெரியாது. அன்று மாலை இதே வாக்கியத்தை மறுபடி கேட்டதும், உருளைக்கிழங்கு தோலெடுத்துக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார். நானும் அந்தச் சமையலறையில்தான் இருந்தேன்.

"முடிவு வேண்டாம். உங்கிட்ட எத்தனை சில்லு?"

"அது முக்கியமில்ல, டார்லீன்."

"எத்தனை?"

"அஞ்சு."

"அவ எவ்வளவு போடணும்?"

லோர்ன் என்னைப் பார்த்தார். நான் உருளைக்கிழங்கைப் பார்த்தேன்.

"ஒண்ணு" என்றார்.

"போட்டு ஜெயிச்சா என்ன கிடைக்கும்?"

"அவ முன்னாலயே போட்ட நாலு. இவனோட ரெண்டு. என்னோட அஞ்சு." கூட்டிச் சொல்லவில்லை. அந்தக் கணக்கைப் பல வருடங்களாக மற்றவர்களுக்குக் கூட்டிக் கொடுத்தவர் அவர்தான்.

"ஒண்ணு போட்டா பதினொண்ணா? எங்கிட்ட ஏழு நாலு என்ன, ரெண்டு பஸ் டிக்கெட் இருந்தாக்கூடப் போடுவேன்" என்றார் டார்லீன். "உங்கிட்ட ஏன் அஞ்சே அஞ்சு இருந்துச்சு?"

லோர்ன் தட்டை எடுத்துக்கொண்டு கணினி இருந்த அறைக்குப் போனார்.

கிளேட்டனின் திரியில் அன்று கல்முகத்தின் பதிவு ஒன்று வந்தது. மிர்னாவின் நாற்காலியிலிருந்து பார்த்து எழுதியது. யார் எங்கே, யாரிடம் எத்தனை, எல்லாம் சரியாக இருந்தது. எதிராளியைப் பற்றித் தெரிந்தது என்ற இடத்தில், 'நாற்காலியில் உட்காராதவர்' என்று இருந்தது. ஏழும் நாலும் கையில் இருக்கின்றன, வரலாமா, விலகலாமா? அங்கே நிறுத்தியிருந்தார்.

கூடலுக்கு வராதவர்கள் பாய்ந்து வந்து பதில் எழுதினார்கள். வந்தது சரி, சீட்டைப் பார்க்கவே வேண்டாம் என்றார் ஒருவர். இதில் கேள்வி எங்கே இருக்கிறது என்றார் இன்னொருவர். தள்ளியவர் ஏஸ் ராஜாவோடு தள்ளியிருந்தால் அதுவும் சரிதான், ஆனால் சில்லு ஐந்தாகத் தேயும்வரை அந்த மனிதர் எங்கே போயிருந்தார், கழிப்பறைக்கா என்று கேட்டிருந்தார் மெடிசின் ஹாட் ஊர்க்காரர் ஒருவர். அதற்கு மட்டும் கல்முகம் பதில் எழுதினார்: 'அந்த மனிதர் நான். மற்ற மேசைகளுக்கு ஒழுக்கம் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். வந்தவருக்கு மேசையிலேயே பாடம் நடத்தினேன். என் பாடம் தப்பு.'

அடுத்த நாள் லோர்ன் நூலகத்துக்குத் தொலைபேசி செய்து என்னிடம் பேசினார்.

"கிளேட்டன் முடிவைப் போட்டு உடைச்சுட்டான். நாலு வந்துச்சுன்னு எழுதிட்டான். யாராவது அதை அழிக்கணுமே."

"நீங்கதானே அழிக்கணும்?"

"நான் தடையில இருக்கேன்யா."

அன்று சாயங்காலம் கிளேட்டனின் பதிவுக்குக் கீழே மிர்னாவின் பதில் இருந்தது: 'முடிவைச் சொல்லக் கூடாது, கிளேட்டன். காரணம் விதிகள் பக்கத்தில் இருக்கிறது.'

லோர்ன் பிரிஸ்டுபா தான் தோற்ற கையை எதிராளியின் பக்கம் நின்று பதிவிட்டார். வந்த பதில்களில் ஒன்றையும் அழிக்கவில்லை. தன்னை ஒரு வாரம் தடை செய்துகொண்டார்.