பூமாலை பிடுங்கிய வயர்

பூமாலைக்கு ஊர் கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே. டிப்ளமோ கடைசி வருடத்தில் அவளுடைய பென் டிரைவை ஒரு பிரவுசிங் சென்டர் வைரஸ் தின்றுவிட்டது. புராஜெக்ட் அதில்தான் இருந்தது, வேறு நகல் கிடையாது. பட்டயம் ஆறு மாதம் தள்ளிப் போனது. அன்று முதல் எதையும் ஒற்றையாக வைத்துக்கொள்ள அவளுக்குப் பயம். சீப்பு வாங்கினால்கூட இரண்டு வாங்குவாள்.

இப்போது முப்பத்திரண்டு வயது. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஆதிமூலத்தின் பிளக்ஸ் பேனர் கடையில் டிசைனர். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று முகங்களோடு மல்லுக்கட்டும் வேலை. சின்ன மாமாவின் படம் பெரிய மாமாவின் படத்தைவிட ஓர் அங்குலம் பெரிதாகிவிட்டால், மண்டபத்தில் பந்தி நடக்காது.

வெள்ளிக்கிழமைதோறும் கடையின் மொத்த வேலையையும் ஒரு ஹார்டு டிஸ்கில் நகலெடுப்பாள். அதைத் துண்டில் சுற்றி, கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் தான் தங்கியிருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோவில் வைத்துவிடுவாள்.

"அதுக்கும் டிக்கெட் எடுத்தியா?" என்று ஆதிமூலம் ஒவ்வொரு வாரமும் கேட்பார். ஒவ்வொரு வாரமும் அவரே சிரித்துக்கொள்வார்.

ஒருநாள் அவர் போனுக்குப் புது நம்பரிலிருந்து ஒரு செய்தி வந்தது. 'உங்கள் கடை லைசென்ஸ் இன்று ரத்தாகிறது. இங்கே அழுத்தவும்.' பதறிப்போய் அழுத்தினார். திரையில் பெரிய எழுத்தில் வந்தது: 'அண்ணே, நான் பூமாலை. அழுத்தாதீங்கன்னு எத்தினி வாட்டி சொன்னேன்?'

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. டீ மட்டும் வாங்கிக் கொடுத்தார்.

நிஜமானது வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கடையின் இன்னொரு டிசைனர் பிரவீன்குமாருக்கு மின்னஞ்சலில் 'கல்யாணப் பத்திரிகை' என்று ஒரு ஃபைல் வந்தது. பத்திரிகை அடிக்கும் கடைக்குப் பத்திரிகை வருவதில் என்ன சந்தேகம்? திறந்தான். ஒன்றும் வரவில்லை. இரண்டு நிமிடம் கழித்துக் கத்தினான்.

"அக்கா! ஃபைல் பேர்லாம் தானா மாறிக்கினு போவுது!"

பூமாலை எதையும் கேட்கவில்லை. எழுந்து வந்து சுவரிலிருந்து நெட் வயரை ஒரே இழுப்பில் பிடுங்கினாள். மற்ற இரண்டு கம்ப்யூட்டர்களுக்குப் போகும் வயர்களையும் பிடுங்கினாள். இழுத்த வேகத்தில் சாமி படம் கீழே விழுந்தது. கடையின் வேலைகளெல்லாம் சேர்த்து வைத்திருந்த பிரவீன்குமாரின் கம்ப்யூட்டர் போய்விட்டது. மற்ற இரண்டும் தப்பித்தன.

பூட்டிய ஃபைல்களைத் திறக்கப் பணம் கேட்டுத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ் நின்றது. ஆதிமூலம் அதைக் கண்ணாடி போட்டுப் படித்தார்.

"இன்னா பூமால, பேசிப் பாத்தா கம்மி பண்ணுவானா?"

"திருடங்கிட்ட பேரமா? குட்த்தாலும் தொறந்து வுடுவான்னு இன்னா நிச்சயம்? மொதல்ல போலீஸ்ல சொல்லணும்ணே."

நோட்டீஸைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போய், சைபர் கிரைம் போலீசில் புகார் எழுதிக் கொடுத்தாள். அப்படியே கச்சிராயபாளையம் போய் டிஸ்கை எடுத்து வந்தாள். அதைப் பார்த்ததும் ஆதிமூலத்துக்குக் கை பரபரத்தது.

"குடு, சொருவிடலாம்!"

பூமாலை டிஸ்கை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். "இப்ப சொருவுனா இதுவும் பூடும். மொதல்ல அந்த மிஷினை மொத்தமா அழிச்சி, விண்டோஸ புதுசா ஏத்தணும். அதுக்கப்புறந்தான் இது."

"நாளைக்கி மத்தியானம் திருக்கோவிலூர் காதுகுத்து பேனர் போவணுமே!"

"போவும். நீங்க கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க."

மற்ற இரண்டையும் சோதித்து முடிக்கும்வரை யாரையும் தொடவிடவில்லை; சாயந்திரம்வரை புது ஆர்டர்களை எல்லாம் நோட்டில் எழுதினார்கள். கம்ப்யூட்டர் தயாரானதும் வெள்ளிக்கிழமைவரையிலான வேலைகள் அத்தனையும் திரும்பி வந்தன. ஆனால் காதுகுத்து வீட்டுப் படங்கள் வந்தது திங்கட்கிழமை. நாற்பத்து மூன்று சொந்தக்காரர்களும் காணாமல் போயிருந்தார்கள். பூமாலைக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. தினமும் எடுத்திருக்க வேண்டும்.

அந்த வீட்டு ஜெயம்மாளுக்குப் போன் போட்டு நடந்ததை மறைக்காமல் சொன்னாள். "எங்க மிஷின்ல வைரஸ் பூந்துடுச்சிங்க. படமெல்லாம் இன்னொருவாட்டி அனுப்பணும். மன்னிச்சிக்கோங்க."

திட்டு விழும் என்று போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளியே வைத்திருந்தாள். ஜெயம்மாளோ குரலைத் தாழ்த்தினார்.

"நல்லதா போச்சிம்மா. எங்க நாத்தனாரு வூட்டுக்காரரு படத்த வுட்டுட்டோம்னு காலையிலேர்ந்து ஒரே ரகள. அவரையும் சேத்து அனுப்பறேன். மீசைய மட்டும் கொஞ்சம் கருப்பாக்கிடு."

நாற்பத்து நான்கு முகங்களோடு, மறுநாள் பதினொன்றரை மணிக்கே பேனர் வண்டியேறியது.

செய்தி கடைவீதியில் பரவியது. அடுத்த வாரம் பக்கத்துத் துணிக்கடை இருசம்மாள் கம்பீரமாக வந்து நின்றார்.

"நானும் பாஸ்வேர்ட மாத்திட்டேன் பூமால. எவனாலயும் கண்டுபுடிக்க முடியாது."

"நல்ல வேல செஞ்சீங்கக்கா."

"அதான் வந்தேன். எனக்கும் நெனப்பில்ல. கட தொறந்து ரெண்டு மணி நேரம் ஆவுது, ஒரு பில்லும் போட முடியல."

பூமாலை சிரிப்பை அடக்கிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு துணிக்கடைக்கு நடந்தாள்.