என் அடுக்களையில் அவள் விளக்கு

திருவொற்றியூரில் நாங்கள் மளிகைக்கடை வைத்திருந்த தெருவுக்கும் கடலுக்கும் நடுவே முன்பு மூன்று வரிசை வீடுகள் இருந்தனவாம். கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கமிருந்து நான் வந்தபோது இரண்டு இருந்தன. தொண்ணூறுகளின் கடைசியில் ஒன்றுதான் மிச்சம். லாரி லாரியாகக் கருங்கல் கொண்டுவந்து கொட்டினார்கள். கடல் அதையும் விழுங்கிவிட்டுச் சும்மா கிடந்தது. அது சும்மா கிடக்கும்போதுதான் எனக்குப் பயம்.

அந்தக் கடைசி வரிசையில், எங்கள் புழக்கடைக்கு நேர் எதிரே, ஒரு மீனவக் குடும்பம். புருஷன் விசைப்படகில் போகிறவன். போனால் திரும்பிவரப் பத்து நாள்கூட ஆகும். பெண்டாட்டி வயிற்றுப்பிள்ளைக்காரி. சின்னப் பெண், வாய் மட்டும் பெரிசு. மிளகாய்த்தூள் வாங்க வந்தால் கடையில் நிற்கிற அத்தனை பேரையும் வம்புக்கிழுத்துவிட்டுத்தான் போவாள்.

எங்கள் வீட்டில் கைப்பிடி அரிசி உண்டு. ஊர்ப்பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் இது பழக்கம். உலைக்கு அரிசி அளந்ததும் அதில் ஒரு பிடியைக் கர்த்தருக்கென்று எடுத்துத் தனிப்பானையில் போட வேண்டும். மாசக் கடைசியில் சபைப் பெண்கள் வந்து வாங்கிப் போவார்கள். அதை வீட்டார் தொடக்கூடாது. நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை. ஆனால் விரலை இறுக்கித்தான் எடுப்பேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டால் விடமாட்டார்.

"என்ன, இன்னைக்குக் கர்த்தருக்கு விரதமா?" என்பார்.

"கடையைத்தான் நீங்க வாரி இறைக்கீங்க. அடுக்களையாவது மிஞ்சட்டும்" என்பேன்.

கொடுப்பதில் சந்தோஷம் இருக்கிறது என்று போதகர் பிரசங்கம் பண்ணும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். இத்தனை வருஷம் கொடுக்கிறேனே, எனக்கு வரவில்லையே!

அந்த வருஷம் ஐப்பசியில் துறைமுகத்தில் புயல்கூண்டு ஏற்றியிருப்பதாக ரேடியோ சொன்னது. காலையிலிருந்து ஒரு பொட்டுக் காற்றில்லை. எண்ணூர் ஆலைகளின் புகை நகராமல் தலைக்குமேலேயே நின்றது. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை, அவ்வளவு உப்பு. மதியம் கடல் எழும்பியது. ஒவ்வொரு அலைக்கும் என் அடுக்களை அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. கடைச் சரக்கையெல்லாம் வண்டியில் ஏற்றி மெயின் ரோட்டுக்கு அனுப்பிவிட்டார் என் வீட்டுக்காரர். முன்வரிசைக்காரர்கள் சட்டிபானைகளோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் போகவில்லை.

அவர் போய்க் கூப்பிட்டும் வரவில்லை என்று நான் போனேன். பின்சுவரில் என் கை நுழையும் அளவுக்கு விரிசல். அதன் வழியே கடல் தெரிந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஏட்டி, எந்திரி! கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு? சுவரு விழப்போவுது!"

"நான் வர்லக்கா. அவரு கடல்ல கீறாரு. அவரு வர்ற வரிக்கும் வெளக்கு எரிஞ்சிகினே இருக்கணும். எங்க மாமியாரும் அப்டித்தான் காத்துகினு இருந்தாங்க. நான் பாட்டுக்கு வூட்டப் பூட்டிகினு போயி, அவருக்கு எதுனா ஆச்சின்னா?"

"விளக்கையும் தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயேன்."

"பள்ளிக்கோடம் இன்னா வூடாக்கா? அடுப்பு எரியிற வூட்லதாங்க்கா வெளக்கு எரியணும்."

அலை சுவரில் மோதியது. கூரையிலிருந்து ஓடு ஒன்று சரிந்து என் காலடியில் உடைந்தது. அப்போது அந்தத் தெருவில் அடுப்பெரிகிற வீடு எங்கள் வீடுதான். அது அவளுக்கும் தெரியும். ஆனால் அவள் கேட்கவில்லை. கடைக்கு வருகிற காலண்டரில் சாமி படம் இருந்தால் அட்டையைக் கிழித்துவிட்டுத்தான் நான் உள்ளே மாட்டுவேன் என்பது ஊரறிந்த விஷயம். அதோடு மாசக் கடைசி வேறு. இன்றோ நாளையோ சபைப் பெண்கள் வருவார்கள். என் அடுக்களையில் அம்மன் விளக்கைப் பார்த்தால் அப்புறம் ஆலயத்தில் என்னோடு பேசுவார்களா? இவ்வளவும் அந்த ஒரு நிமிஷத்துக்குள் எனக்குள் ஓடியது. ஆண்டவரே, இந்த வயிற்றுப் பிள்ளையை விட்டுவிட்டு நான் எப்படிப் போவேன்?

"எங்க வீட்டுலயும் அடுப்பு எரியுதுல்லா? விளக்கைத் தூக்கு. படத்தை நான் எடுத்துக்கிடுதேன்" என்றேன்.

"மெய்யாலுமாக்கா?"

"எந்திரிங்கேன்!" என்று கத்தினேன்.

வேத வசன காலண்டருக்குக் கீழே, கைப்பிடிப் பானைக்குப் பக்கத்தில் விளக்கை வைத்தோம். அவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. வீட்டு அரிசியும் சரக்கோடு போய்விட்டது. கைப்பிடிப் பானையை அப்படியே உலையில் கவிழ்த்தேன். என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கப் போனார்.

"ஆமா, இன்னைக்குக் கர்த்தருக்கு விரதம்தான். போங்க" என்றேன்.

சோறு வேகும்போது வெளியே ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை, மூட்டையை இறக்கிப் போட்ட மாதிரி. எட்டிப் பார்த்தால் அவள் வீடு இருந்த இடத்தில் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. இனி கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. ஆனால் சொன்னால் நம்பமாட்டீர்கள், அவள் அழுது முடித்து, "இன்னும் கொஞ்சம் சோறு போடுக்கா" என்று தட்டை நீட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியொரு சந்தோஷம் எனக்கு! கடல் வாசலில் நிற்கிறது, நான் அள்ளி அள்ளிப் போடுகிறேன்.

சபைப் பெண்கள் வந்தார்கள். விளக்கைப் பார்த்தார்கள், காலிப் பானையையும் பார்த்தார்கள். அங்கே ஒன்றும் சொல்லவில்லை. ஆலயத்தில் நிறையச் சொன்னார்கள்.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அவள் புருஷன் போன படகைப் பற்றி மட்டும் சேதியில்லை. அவள் பேச்சே நின்றுபோனது. விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதும் கடலைப் பார்ப்பதுமாக இருந்தாள். அவள் கண்ணயர்ந்தால் நான் ஊற்றினேன்.

ஒரு சாயங்காலம் புழக்கடையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். கரையோரமாக ஒருவன் நடந்து வந்து, வீடு இருந்த இடத்துக்கு எதிரே நின்றான். தண்ணீரைப் பார்த்தான். அப்படியே மணலில் விழுந்து மார்பில் அறைந்துகொண்டான்.

நான் குரல் கொடுப்பதற்குள் அவள் விளக்கோடு வெளியே வந்துவிட்டாள். "யோவ்! இங்க கீறேன்யா!" என்று கத்திக்கொண்டு, அந்த வயிற்றோடு மணலில் ஓடினாள். காற்றில் சுடர் படுத்துவிட்டது. ஐயோ, அணையப்போகிறதே! சோப்பு நுரை வழிகிற கையைச் சுடரைச் சுற்றிக் குவித்துப் பிடித்துக்கொண்டு, நானும் அவளோடு ஓடினேன்.