எதிரொலிக்குச் சந்தா

சென்றாயனிடம் அடி வாங்கியவர்கள் ஓசூரில் பல பேர் உண்டு. அவன் உத்தனப்பள்ளிக்காரன். பத்தாவதில் தோற்று, ஓசூரில் ஒரு வார்ப்பட ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான். கூட வேலை செய்தவனின் அம்மாவைக் கேவலமாகப் பேசிய சூப்பர்வைசரின் தாடையை ஒரே குத்தில் உடைத்தான். வேலை போயிற்று. அதற்குப் பிறகு பஸ் ஸ்டாண்டில், சாராயக் கடையில், கல்யாண மண்டபத்தில் என்று எங்கே சண்டை நடந்தாலும் அதில் அவன் இருந்தான்.

ஆனால் அவன் பாடினால் ஊர் நின்று கேட்கும். அந்தக் குரலை நம்பித்தான் பென்சன் அவனோடு சேர்ந்தான். பென்சன் நாசரேத் பக்கத்திலிருந்து அதே ஆலைக்கு வந்தவன், சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவன். இருவரும் ராயக்கோட்டை ரோட்டில், பஞ்சர் கடைக்கு மேலே ஒரு அறை எடுத்து, சத்தம் மோதித் திரும்பாமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து ஸ்டூடியோ தொடங்கினார்கள். கோயில் பாட்டு, எலெக்‌ஷன் ஆட்டோ பாட்டு, நினைவு நாள் பாட்டு எல்லாம் அங்கே பதிவாகின. குரல் சென்றாயனுடையது, காது பென்சனுடையது.

பெங்களூரிலிருந்து ஒரு இசைப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அதற்குச் சந்தா கட்டியவர்களுக்கு மாதம் ஒரு சி.டி. வரும். அதில் ஒரு பிளக்-இன் இலவசமாக இருக்கும். பிளக்-இன் என்பது பாட்டுப் பதிவு செய்யும் மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்கிற சின்ன மென்பொருள். ஒன்று குரலைக் கனமாக்கும். ஒன்று மிருதங்கம் வாசிக்கும். காசு கொடுத்து வாங்க இவர்களால் ஆகாது. சந்தாவோடு வந்த இலவசங்களால்தான் அந்த ஸ்டூடியோ ஓடியது. அவற்றில் உசத்தியானது ஒரு எதிரொலி. அதைப் போட்டால் சென்றாயன் மலைக்குகைக்குள் நின்று பாடுவதுபோல் கேட்கும். சந்தா சென்றாயன் பெயரில் இருந்தது. புதுப்பிக்கிற பொறுப்பும் அவனுடையதுதான்.

இரண்டாயிரத்து ஆறாம் வருடம், கல்குவாரி நாராயணப்பன் ஆள் அனுப்பினார். போன வருடம் அவருடைய தம்பியைக் குவாரித் தகராறில் வெட்டிக் கொன்றிருந்தார்கள். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குப் பாட்டு வேண்டும் என்றார்.

"அவங்க சகவாசமே நமக்கு வேண்டாம்ல" என்றான் பென்சன்.

"பயந்தா நீ சர்ச்சுக்கே போடா. நான் வாக்கு குடுத்துட்டன்" என்றான் சென்றாயன்.

முனகிக்கொண்டே பென்சன் வேலையை முடித்துக் கொடுத்தான். நினைவு நாள் காலையில் நாராயணப்பன் போன் செய்து, பாட்டில் தம்பி மகன் பெயரையும் சேர்க்கச் சொன்னார். பென்சன் ஆலையில் ஷிப்டில் இருந்தான். சென்றாயனே அந்த ஒரு வரியைப் பாடிச் சேர்த்து, முழுப் பாட்டையும் புதிதாக சி.டி.யில் ஏற்றி, திரும்பப் போட்டுக் கேட்காமலே எடுத்துக்கொண்டு ஓடினான்.

சமாதி முன்னால் ஆயிரம் பேர் கூடியிருந்தார்கள். பாட்டு தொடங்கியது. முதல் வரியில் தம்பியின் பெயர் வந்த இடத்தில், தகரத்தைத் தரையில் போட்டு இழுத்ததுபோல் ஒரு இரைச்சல் கிளம்பியது. கொஞ்ச நேரம் பாட்டு, மறுபடியும் இரைச்சல். பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது.

"ஏமிரா இது? செத்தவன் பேரு உனுக்கு நக்கலா?" என்று நாராயணப்பன் தெலுங்கும் தமிழுமாகக் கத்திக்கொண்டு எழுந்தார்.

அவருடைய ஆட்கள் நாலு பேர் சென்றாயன்மேல் விழுந்தார்கள். அவனும் சும்மா விடவில்லை. ஒருவனுடைய மூக்கை உடைத்தான், ஒருவனுடைய தோளைக் கடித்தான். கடைசியில் அவனைக் குப்புறத் தள்ளி, வலது கையைச் சமாதிக் கல்லின்மேல் இழுத்து வைத்து, மைக் ஸ்டாண்டின் இரும்பு அடிப்பாகத்தால் ஓங்கி அடித்தார்கள். விரல்கள் மூன்று நொறுங்கின.

"பொழுது சாயறப்ப படையல். அதுக்குள்ள சுத்தமான பாட்டு வரணும். இல்லன்னா இன்னொரு கையும் இதே கல்லுமேலதான்" என்றார் நாராயணப்பன்.

ஜீப்பில் ஒரு ஆளோடு அவனை ஓசூருக்கு அனுப்பினார்கள். வழியெல்லாம் அவன் மனதில் ஒரே எண்ணம்தான். வேண்டாம் வேண்டாம் என்றவன் பென்சன். பாட்டைக் கெடுக்கத் தெரிந்தவனும் அவன்தான்.

ஷிப்டு முடிந்து வந்த பென்சன் அப்போதுதான் அறையைத் திறந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏல, கையி என்னல ஆச்சு?" என்று எழுந்தான்.

பதிலாக இடது கை வந்தது. ஓங்கி விட்ட அறை பென்சனின் வலது காதில் இறங்கியது. டீ டம்ளர் சுவரில் பட்டு உடைந்தது. விழுந்தவனை மார்பில் மிதித்தான் சென்றாயன். "கூட இருந்தே கழுத்தறுத்தியாடா? சொல்லுடா!" என்று இன்னும் மிதித்தான். ஜீப்பில் வந்த ஆள்தான் மாடியேறி வந்து, "பாட்ட முடிச்சுட்டு அடிச்சிக்கோ" என்று இழுத்து விலக்கினான்.

பென்சன் எழுந்தான். காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு வழிந்தது. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பாட்டைத் திறந்தான். திரையில் ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. சென்றாயன் குறுக்கே கை நீட்டி ஓகே என்ற இடத்தில் தட்டினான்.

"என்னதுல அது?"

"அது தெனம் காலையில வருது. ஓகே குடுத்தா போயிடும்."

பென்சன் பாட்டை மூடி மறுபடியும் திறந்தான். பெட்டி வந்தது. ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னான். "உங்கள் சந்தா முடிந்துவிட்டது. புதுப்பிக்காவிட்டால், இதைப் போட்டுப் பதிவு செய்யும் பாட்டில் நடுநடுவே இரைச்சல் வரும். நேத்தோட முடிஞ்சிருக்குல."

முடியப்போகிறது என்று இத்தனை நாளாக எச்சரித்த அந்தப் பெட்டியைச் சென்றாயன்தான் தட்டித் தட்டி விரட்டியிருக்கிறான்.

புதுப்பிக்க பேங்கில் டி.டி. எடுத்துப் பெங்களூருக்கு அனுப்ப வேண்டும். அதற்கு நேரமில்லை. பென்சன் அந்த எதிரொலியை எடுத்துவிட்டு, மொட்டை மாடியில் காலியாகக் கிடந்த சிமெண்ட் தொட்டிக்குள் ஒரு ஸ்பீக்கரை இறக்கினான். வெறும் குரலைத் தொட்டிக்குள் பாடவிட்டு, அது மோதித் திரும்புவதை மைக்கில் பிடித்தான். நல்ல எதிரொலி. எல்லாவற்றையும் சேர்த்து ஹெட்போனில் கேட்டான். நெற்றியைச் சுருக்கினான்.

"வலப்பக்கம் சத்தமே இல்ல. ஒயரு விட்டுப்போச்சு போல. பாருல."

சென்றாயன் ஒயரைத் திருகிப் பார்த்தான், பிடுங்கிச் செருகினான். பிறகு ஹெட்போனைத் தன் தலையில் மாட்டிக் கேட்டான். இரண்டு பக்கமும் பாட்டு முழுசாகக் கேட்டது.

அவன் பென்சனைப் பார்த்தான். பென்சனுக்கும் புரிந்துவிட்டது.

"சரி, விடு" என்றான் பென்சன். "வலப்பக்கம் எப்படி இருக்குன்னு நீயே கேட்டுச் சொல்லு. பொழுது போவுது."

சி.டி.யை வாங்கிக்கொண்டு ஜீப் போயிற்று. இருவரும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பென்சனின் மனைவி வின்சி ஓடி வந்தாள். காதில் விளக்கடித்துப் பார்த்த டாக்டர், சவ்வு கிழிந்து உள்ளேயும் அடிபட்டிருக்கிறது, கேட்பது கடினம் என்றார். எப்படி ஆனது என்று கேட்டார்.

"படியில விழுந்துட்டேன் சார்" என்றான் பென்சன்.

"இல்ல சார். நான் அடிச்சன். அவன் ஒரு தப்பும் பண்ணல" என்றான் சென்றாயன்.

"வாய மூடுல! போலீசு கேசாயிரும்."

"ஆவட்டும்" என்றாள் வின்சி. "அந்தக் காதுதானய்யா எங்களுக்குச் சோறு போட்டுச்சு."

சென்றாயனின் சட்டைப்பையில் செல்போன் அடித்தது. நாராயணப்பன்தான். பாட்டு கேட்டு எல்லோரும் அழுதுவிட்டார்களாம், வருகிற வருடமும் அவன்தான் பாட வேண்டுமாம். "இனிமே பாட்டு இல்லீங்க" என்று சொல்லிப் போனை வைத்தான்.

ஆஸ்பத்திரிப் புறக்காவல் நிலையத்திலிருந்து ஏட்டு வரும்வரை, உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான்.