உயர்ந்துகொண்டே போன ஜன்னல்

அவர் நின்றபடிதான் தலை வாரிக்கொள்வார். மற்றப் பெண்கள் வராந்தாவில் கால் நீட்டி உட்கார்ந்திருக்க, நான் ஒவ்வொருவருக்காகப் பேன் பார்த்து, எண்ணெய் தடவி, பின்னி விட்டுக்கொண்டு வருவேன். இவர் மட்டும் வார்டுக்குள் இருக்கும் கிழக்கு ஜன்னலை விட்டு நகர மாட்டார். நோயாளிகள் ஏறிவிடக் கூடாதென்று ஜன்னலை உயரத்தில் வைத்துக் கட்டியிருந்தார்கள். அவருக்கோ அதன் அடிக்கட்டை சரியாக மோவாய்க்கு வந்தது. கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்துக்கொண்டு வெளி கேட்டையே பார்த்தபடி நிற்பார். நானோ குள்ளம், எங்கள் வீட்டில் என்னை அரைப்படி என்றுதான் கூப்பிடுவார்கள். பின்னால் நின்று எம்பி எம்பி வாருவேன். "குனியட்டுமா சிஸ்டர்?" என்று கேட்பார், கேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். கேட்பதோடு சரி, குனிய மாட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் இருக்கும். பழைய மெட்ராஸ் ரோட்டை ஒட்டி, ஜோகுபாளையத்துக்குக் கொஞ்சம் தள்ளி, தர்ம காரியமாகச் சிலர் சேர்ந்து நடத்திய சிறிய மனநோய் விடுதி அது. ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்து வந்துபோகும் புது நர்ஸ் நான். நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அங்கே கிடையாது. ஆளுக்கொரு பட்டப் பெயர், இவர் நெட்டையம்மா. அறுபதை நெருங்கியிருந்தார். அப்பா மைசூர் சர்க்காரில் குமாஸ்தாவாக இருந்தவர். அம்மா சீக்கிரமே போய்விட, கைக்குழந்தையாக இருந்த தம்பியை இவர்தான் வளர்த்திருக்கிறார். காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்ததும் கல்யாணப் பேச்சு நின்றது. அப்பா காலமான பிறகு தம்பி கொண்டுவந்து இங்கே விட்டார். நான் பார்க்கும்போது நோயின் வேகமெல்லாம் அடங்கி, யாரிடமும் ஒட்டாத, எதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிற, அமைதியான ஒரு பெண்மணியாக இருந்தார்.

தம்பிக்கு ரயில்வேயில் வேலை, ஹூப்ளியில் குடித்தனம். கடைசியாக வந்தபோது, "ஜன்னல்ல நில்லுக்கா, உள்ள வரும்போதே உன்னைப் பாத்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். போகிற வேகத்தில் சொன்ன வார்த்தைதான். சொன்னவர் மறந்திருப்பார். இவர் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நாள். அன்றைக்கு விடிந்ததிலிருந்து நிற்பார், சாப்பாட்டுத் தட்டைக்கூட அங்கேயே கேட்பார். ஆறு மணிக்கு கேட்டைச் சாத்தியதும் போய்ப் படுத்துக்கொள்வார். அந்த வார்டில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது யாருடைய கூச்சலும் இல்லை. ஞாயிறு சாயந்திரம் அவர் கட்டிலுக்குத் திரும்பி நடக்கும் அந்தச் சத்தமில்லாத நடைதான்.

நான் சேர்ந்து சில வருஷங்கள் போயிருக்கும். ஒரு நாள் என்னைத் தனியாக அழைத்து, தாழ்ந்த குரலில், "சிஸ்டர், ஜன்னலத் தூக்கறாங்க" என்றார்.

"யார் தூக்கறது?"

"யாருன்னு தெரியல. கொஞ்சம் கொஞ்சமா, நமக்குத் தெரியாம. முன்ன கேட் முழுசாத் தெரியும். இப்ப மேல் கம்பிதான் தெரியுது."

பைத்தியக்கார விடுதியில் ஜன்னல் உயர்கிறது என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வார்கள்? பழைய பிரமை தொடர்கிறது என்று எழுதினோம். எங்கள் வேலை முறையே அப்படித்தான். அவர்கள் வாயிலிருந்து வருவது எல்லாமே மனசிலிருந்து வருவதாகக் கணக்கு. முதுகில் யாரோ உலக்கையால் இடிக்கிறார்கள் என்பார், அதுவும் பிரமை. விலாவும் இடுப்பும் ஒன்றோடொன்று உரசுகிறது என்பார், அதுவும் அதே. ஜோகுபாளையத்து ஆயா ஒருத்தி, நல்ல மனசுக்காரி, "சும்மனே இரும்மா, ஜன்னலுக்கென்ன காலா மொளைச்சிருக்கு?" என்று கேலி செய்வாள். வார்டே சிரிக்கும். நெட்டையம்மா சிரிக்க மாட்டார். "என் மூஞ்சி தெரியலைன்னா, நான் செத்துட்டேன்னு நெனைச்சி அவன் அப்படியே திரும்பிடுவான்" என்பார். அவருக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

மழைக்காலத்து ஞாயிறு ஒன்றில் கேட்டருகே ஜட்கா வந்து நிற்கும் சத்தம் கேட்டிருக்கிறது. தம்பிதான் என்று நினைத்து, கம்பிகளைப் பிடித்துத் தொங்கி எழும்பப் பார்த்திருக்கிறார். கை நழுவி விழுந்தார். பெரிய விழுகையே இல்லை. குழந்தைகள் தினம் பத்துத் தடவை அப்படி விழும். மணிக்கட்டு இரண்டாக முறிந்துவிட்டது. ஜட்காவில் வந்தது அரிசி மூட்டை.

கட்டுப்போட ஊருக்குள் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். அங்கிருந்த எலும்பு டாக்டர் நிதானமான மனிதர். கையை மட்டும் பார்த்து அனுப்பாமல், கூன் விழுந்த முதுகையும் தடவிப் பார்த்து, அதையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முதுகெலும்புக் கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நசுங்கி உட்கார்ந்திருந்தன. "எத்தனை வருஷமா வெயில் படாம இருக்காங்க?" என்றார். வயதானவர்கள் வெளியே போனால் வழி தவறிவிடுவார்கள் என்று உள்ளேயே வைத்திருந்தோம். மெல்ல முடியாதென்று கஞ்சியே கொடுத்தோம், பாலோ காய்ச்சல்காரர்களுக்கு மட்டும்தான். மயக்க மருந்து இல்லாமல் தலையில் கரண்டு வைத்து ஷாக் கொடுத்த காலத்தில் உடம்பு தூக்கிப் போட்டதில்கூடச் சில எலும்புகள் நொறுங்கியிருக்கலாம் என்றார் அவர். நான் ஏதோ பேச்சுக்கு ஜன்னல் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஜன்னல் அங்கேயேதான் இருக்கு சிஸ்டர். இவங்கதான் இறங்கிட்டே வந்திருக்காங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் எம்பாமல் தலைவார ஆரம்பித்து எவ்வளவோ காலமாகிவிட்டது என்று. தினமும் பார்க்கிற ஆள் குறைவது கண்ணில் படாது. எல்லாரும் அவரை நெட்டையம்மா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். பெயர் மட்டும் பழைய உயரத்திலேயே நின்றுவிட்டது.

இன்று வைட்ஃபீல்டில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன மாதம் எங்கள் குடியிருப்பில் முகாம் போட்டு, குதிகாலை ஒரு மெஷினில் வைத்து, எலும்பு மெலிந்திருக்கிறது என்றார்கள். சாயந்திரமே மருமகள் மாத்திரை வாங்கி வந்துவிட்டாள், மகன் குளியலறையில் கைப்பிடி அடித்தான். முதுகு வலிக்கிறது என்று நான் சொன்னால் நம்புவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். நெட்டையம்மாவுக்கு அந்த ஒன்று இல்லை. புத்தி கலங்கிய கிழவிக்கும் எலும்பு இருக்கிறது, அது தேயும், வலிக்கும் என்பதை அவர் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். தனக்குத் தெரிந்த விதத்தில் சொன்னார், அவ்வளவுதான். நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பும் வழியில் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஜன்னல் உயரவில்லை, எலும்பு தேய்ந்து நீங்கள்தான் குட்டையாகிவிட்டீர்கள் என்று. மறுப்பார் என்று நினைத்தேன். "அப்ப அவனுக்கு என்னை அடையாளம் தெரியாதே" என்றார்.

அதன்பின் மேட்ரனிடம் சொல்லி, காலையில் பாலும், முற்றத்தில் கேட்டுக்கு எதிரே வெயிலில் ஒரு பெஞ்சும் ஏற்பாடு செய்தோம். போன உயரம் திரும்பாது, இருப்பது நிற்கட்டும் என்றுதான் டாக்டரும் சொல்லியிருந்தார். பெஞ்சில் உட்கார்ந்தால் கேட் முழுசாகத் தெரிந்தது. மூன்றாவதோ நான்காவதோ ஞாயிறு, தம்பி நிஜமாகவே வந்தார். கட்டையான மனிதர், தலை நரைத்திருந்தது, வெள்ளைப் பேண்ட், கையில் ஆரஞ்சுப் பழப் பை. அக்கா உட்கார்ந்திருந்த பெஞ்சைத் தாண்டி நேராக நடந்து போய், கிழக்கு ஜன்னலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். சொன்ன வார்த்தையை அவரும் மறக்கவில்லை. கம்பிகளுக்குப் பின்னால் யாரும் இல்லாததைக் கண்டு அவர் முகம் வெளுத்ததைப் பார்த்து, நான் ஓடிப்போய் அழைத்து வந்தேன். வரும்போதே, அக்கா ஒருத்தி இருப்பது சம்பந்தி வீட்டாருக்குத் தெரியாது, இரண்டாவது பெண்ணுக்கும் இப்போதுதான் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறோம், அதனால்தான் அடிக்கடி வர முடியவில்லை என்று என்னிடம் விளக்கினார். நான் கேட்கவே இல்லை.

பெஞ்சின் முன்னால் நின்று, "அக்கா" என்றார்.

நெட்டையம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இவர் யாரு சிஸ்டர்?"

"உங்க தம்பிம்மா."

"இல்ல. மீசை மொளைச்ச பிறகும் அவன் என் தோளுக்குத்தான் வருவான். என்னை நிமிந்துதான் பாப்பான். இவர் குனிஞ்சில்ல பாக்கறார்?"

அந்த மனிதர் பழப் பையைக் கீழே வைத்துவிட்டு, வெள்ளைப் பேண்டோடு செம்மண்ணில் உட்கார்ந்து, அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். கட்டுப்போடாத கையை நீட்டி நெட்டையம்மா அவருடைய தலையைத் தொட்டார். "வந்துட்டியாடா? சாப்ட்டியா?" என்றார். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். எனக்கும்தான்.

முடியைத் தடவிக்கொண்டே, "கூட்டினு போகத்தானே வந்தே? போலாமா?" என்று கேட்டார்.

"அடுத்த தடவை அக்கா" என்றார் தம்பி. சொல்லும்போது பார்வை தரைக்குப் போய்விட்டது.

"என்னைப் பாத்துச் சொல்லு."

அவர் தலையைத் தூக்கவில்லை. நெட்டையம்மா காத்திருந்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "உள்ள போலாம் சிஸ்டர், இது வேற யாரோ" என்றார்.