சர்க்கரை கார்டு

ராஜபாளையத்து நூல்மில் ஒன்றில் மேஸ்திரி ஆனதும் என் வீட்டுக்காரர் செய்த முதல் காரியம், எங்கள் அரிசி கார்டைச் சர்க்கரை கார்டாக மாற்றியதுதான். அதற்கு ரேஷனில் அரிசி கிடையாது, கூடுதலாகச் சர்க்கரை தருவார்கள். “ரேஷன் அரிசி திங்கிற வீடுன்னு எவனும் சொல்லப்படாது” என்றார். எனக்கும் அப்போது பெருமைதான், பொய் சொல்வானேன்?

பிறகு மில்லை மூடிவிட்டார்கள். அவர் கிடைத்த வேலைக்கெல்லாம் போனார். வந்த கூலி கடை அரிசிக்கே சரியாகப் போனது. பிளஸ் டூ முடித்த மகள், ஸ்ரீவில்லிபுத்தூரில் நர்சிங் சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். இவரோ, “தளவாய்புரத்துல நைட்டி தைக்கப் போகட்டும். படிப்பப் பொறவு பாப்போம்” என்றார். பொறவாவது, மண்ணாவது! தையல் மெஷினில் உட்கார்ந்த பிள்ளை எழுந்து கல்லூரிக்குப் போய் நான் பார்த்ததில்லை.

மறுநாளே தாலுகா அலுவலகத்துக்குப் போய், அரிசி கார்டு வேண்டும் என்று கேட்டேன். அலையவிட்டார்கள். நானும் விடவில்லை, ஒருவழியாக மாற்றிக் கொடுத்தார்கள். முதல் தடவை அந்த அரிசியைப் பொங்கித் தட்டில் வைத்தபோது இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஏட்டி, வேற சோறு இல்லையா?”

“கடை அரிசி வாங்கவா, அவ பஸ்ஸுக்கும் ஃபீஸுக்கும் குடுக்கவா? நீங்களே சொல்லுங்க.”

அவர் தட்டை இழுத்துவைத்துச் சாப்பிட்டார்.

எங்கோ ஒரு நாட்டில் சனங்கள் பாத்திரத்தோடு நிவாரண வரிசையில் நிற்பதை டிவியில் காட்டினால், இப்போதெல்லாம் நான் சேனலை மாற்றுவதில்லை. இன்றைய வயிற்றுக்கு மட்டும்தான் நிற்கிறார்கள் என்று முன்பு நினைத்திருந்தேன். அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி தெரிந்த பிறகுதான் ஒரு வீட்டில் அடுத்த வருடத்தைப் பற்றிப் பேச்சே எழுகிறது. சும்மா கொடுத்துச் சனங்களைக் கெடுக்கிறார்கள் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மகள் கல்லூரியில் சேர்ந்த மாதம் எனக்குக் காய்ச்சல். முதல்முறையாக அவரே பையை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்குக் கிளம்பினார். மனசு கேட்காமல் நானும் பின்னாலேயே போனேன். வரிசையில் நின்ற பழைய மில்காரர் ஒருவர் இவரைப் பார்த்துவிட்டார்.

“என்ன மேஸ்திரி, கோழிக்குப் போடவா?”

போச்சு, பையை என் கையில் திணித்துவிட்டு வீட்டுக்கு நடையைக் கட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“எங்க வீட்ல திங்கத்தான்வே” என்றார், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி. “எம் மக நர்ஸுக்குப் படிக்கா.”